மோர்பி போன வேனும் எடை போடாத ஜாடிகளும்

சாதிக்கின் விசா காலாவதியாக ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் அவனுடைய வேன் ஒரு நீண்ட பயணம் போய் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் வேனை விற்றுவிட்டு மறுபடி சவுதிக்கு விமானம் ஏறுவது என்று அவன் வீட்டில் முடிவு. 2007 ஜனவரியில் விருத்தாசலத்திலிருந்து குஜராத்தில் இருக்கும் மோர்பி வரை நாங்கள் வேனில் போய் வந்ததற்குக் காரணம் இதுதான். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் அப்புறம்.

சாதிக் என் பள்ளித் தோழன். சவுதியில் ஆறு வருடம் டிரைவர். விடுமுறையில் வந்தவன், சேர்த்த பணத்தில் பதினாலு சீட்டு டீசல் வேன் ஒன்றை வாங்கி, டூரிஸ்ட் பெர்மிட்டும் எடுத்துவிட்டான். வந்த புதிதில் அவன் இரண்டரை வயது மகள் அவனைப் பார்த்து "இந்த மாமா எப்ப போவாங்க?" என்று கேட்டாளாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவன் திரும்பிப் போக விரும்பவில்லை.

நான் செராமிக் டிப்ளமா படித்தவன். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் சூளை என் பொறுப்பு. பேட்டையில் பாதிப் பேர் அப்போது டீசலிலும் மண்ணெண்ணெயிலும் சூளை எரித்துக்கொண்டிருந்தார்கள். மோர்பியில் எல்லாம் கேஸ் சூளை என்று கேள்வி. அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஜாடி கம்பெனி தனகோபால் அண்ணன் கிளப்பிவிட்டார். பொங்கல் முடிந்ததும் சூளைகளைப் பழுது பார்க்க இரண்டு வாரம் அணைத்துவைப்பார்கள், அந்தச் சமயத்தில் போகலாம் என்றார். குடும்பமும் வரும் என்றதும், திரும்பும்போது ஷீரடி என்று பெண்கள் தரப்பில் ஒரு திருத்தம் வந்து, அதுவும் நிறைவேறியது. ஆக மொத்தம் பதினோரு பேர். சாதிக்கும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவது.

தனகோபால் அண்ணன் பேட்டையில் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவர் சாதிக்கிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"இத பாரு தம்பி. இந்த ஒரு டிரிப்பு ஒழுங்கா முடிஞ்சா மாசம் ஒரு சவாரி நம்ம பேட்டையிலேர்ந்தே வரும். கோயிலு, கல்யாணம், எக்ஸிபிஷன், எதுவா இருந்தாலும் ஒன் வண்டிதான். நடுரோட்டுல நிக்க வச்சேன்னு வையி, நானே ஒனக்கு ஏர்போர்ட்டுக்கு டாக்சி புடிச்சித் தரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாதிக் சிரிக்கவில்லை.

இனி தயாரிப்பு. இதற்காகத்தான் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன். வேனில் தொலைதூரம் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது மூன்று: எலுமிச்சம்பழம் கட்டுவது, ஆயில் பார்ப்பது, கற்பூரம் கொளுத்துவது. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. புது மண் கலவை வந்தால் முழுச் சூளையும் அடுக்கிவிட மாட்டோம். நாலு சாமானை வைத்துச் சோதனைச் சூடு போட்டுப் பார்ப்போம். வண்டிக்கும் அதுதான் முறை என்றேன்.

ஆனால் சோதனை ஓட்டத்துக்கு யார் வருவார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சும்மா மலை ஏறி இறங்க பதினோரு பேர் கிடைக்க மாட்டார்கள். களிமண் மூட்டை கிடைக்கும். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. பதினோரு பேருக்குக் கணக்குப் போட்டு பதினாலு மூட்டையைச் சீட்டில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினோம். பைகளின் எடைக்கு இன்னும் மூன்று மூட்டை மேலே கேரியரில். வேப்பூர், சின்னசேலம் வழியாகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை போய் வருவது திட்டம். போக வர இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேப்பூரில் டீ குடிக்க நிறுத்தியபோது டீக்கடைக்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னா பாய், மூட்டைக்கெல்லாம் ஜன்னலோரம் சீட்டு குடுத்திருக்கிற?"

"இவங்கதான்ண்ணே நல்ல பாசெஞ்சரு," என்றான் சாதிக். "ஏசி கேக்க மாட்டாங்க. பாட்ட மாத்துன்னு சொல்ல மாட்டாங்க. வாந்தி கெடையாது."

மலை ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது பிரேக் கருகும் வாசனை வந்தது. ரேடியேட்டர் ஹோஸில் கசிவு. சோதனை ஓட்டம் வீண் வேலை என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள் கவனிக்க: இந்த இரண்டும் ஊரிலேயே நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது. பிரேக் லைனிங் மாற்ற 1,400 ரூபாய். ஹோஸ், ஃபேன் பெல்ட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 850. பின்பக்க டயர் இரண்டும் புதிதாகப் போட்டதில் 6,200. பழைய டயரில் நல்லதாக ஒன்றை இரண்டாவது ஸ்டெப்னியாக மேலே கட்டினோம். களிமண் மூட்டைகள் இருக்கும்போதே பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கும் மேலே இருக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். நாலு விரல் அகலம். போதும்.

அடுத்தது பைகள். ஆளுக்குப் பதினைந்து கிலோ, ஒரு கிராம் கூடக்கூடாது என்று சொல்லி, கிளம்புவதற்கு முதல் நாள் எல்லோரையும் கம்பெனித் தராசுக்கு வரச் சொன்னேன். பொம்மை கம்பெனி மல்லிகா அக்காதான் முதலில் மாட்டினார். அச்சில் வார்க்கிற பீங்கான் பொம்மை செய்கிறவர். தொழிலில் அவரிடம் யாரும் பேரம் பேசி ஜெயித்ததில்லை.

"பதினேழு காட்டுது அக்கா. ரெண்டு கிலோ எடுத்துடுங்க."

"ரெண்டு கிலோவுக்கா தம்பி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிற? நான் காலையில சாப்புடாம வரேன். சரியாப் பூடும்."

"ஒங்கள இல்ல அக்கா, பையத்தான் எடை போடுறோம்."

"ஒன்னக் கட்டிக்கிறவ பாவம். புடவைய கிராம் கணக்குல எடுத்துக் குடுப்ப."

இரண்டு புடவையும் ஒரு பிளாஸ்க்கும் வெளியே போனது. பதினோரு பைகளும் சரியான எடையில் கேரியரில் ஏறின. தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன தயார் செய்வான் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

சட்டங்கள் மூன்று போட்டிருந்தோம். ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. இருட்டினால் நிறுத்திவிடுவது. ஓட்டுகிறவர் செல்போனை எடுக்கக் கூடாது, முன் சீட்டில் இருப்பவர்தான் எடுத்துப் பேச வேண்டும். முன் சீட்டு தனகோபால் அண்ணனுக்கு. சாதிக்கின் போன் அவருடைய சட்டைப் பையில்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சேலம் வரை நல்ல சாலை, எட்டே கால் மணிக்கு இட்லி. தொப்பூர் இறக்கத்தில் புது பிரேக் தன் வேலையைச் செய்தது. ஓசூர் தாண்டி எல்லையில் கர்நாடக வரி கட்ட நாற்பது நிமிடம். இதற்குச் சில்லறையும் ஆவண நகல்களும் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரைக் கடக்க இரண்டரை மணி நேரம் வீணானது. மாலை ஆறரைக்குத் தும்கூர். 410 கிலோமீட்டர், சட்டத்தைவிடப் பத்து அதிகம். அறை ஒன்று 350 ரூபாய், நாலு அறை.

வழியில் இரண்டு மூன்று வேகத்தடைகளில் பின்பக்கம் 'டொம்' என்று கேட்டது. தும்கூரில் காலையில் எல்லோரும் ஏறிய பிறகு குனிந்து பார்த்தேன். நாலு விரல் இருந்த இடத்தில் ஒன்றரை விரல்தான் இருந்தது.

"பட்டை எறங்கியிருக்குது," என்றேன் சாதிக்கிடம்.

"பழைய பட்டை மச்சான். நேத்து பூரா ஒழச்சிருக்குது, இன்னும் எழுந்திருக்கல. ரெண்டு டீ குடிச்சா செரியாப் பூடும்."

பட்டை டீ குடிக்காது. நான் அங்கேயே எல்லோரையும் இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நாலு வழிச் சாலை வேலை அப்போது அங்கங்கே பாக்கி இருந்தது. சிரா தாண்டியதும் மாற்றுப்பாதைகள். ஹிரியூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், அப்படி ஒரு மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் விளிம்பில், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வேன் வலது பக்கம் சாய்ந்தது. பின்பக்க மெயின் பட்டை இரண்டு துண்டு. காலை ஒன்பது இருபது.

ஊர்ந்து ஊர்ந்து ஹிரியூர் ஓரத்தில் இருந்த பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல இடம். எதிரில் வெளியூர் பஸ்கள் டீக்கு நிற்கும் கடை, பக்கத்தில் நிலக்கடலை மண்டி. பட்டறைக்காரர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசினார். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பட்டை ஒன்று அளவுக்குக் கிடைக்கும், மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றார். முதலில் வண்டியில் இருப்பதை எல்லாம் இறக்கச் சொன்னார். மேலே இருந்த பைகளை இறக்கினோம். ஜாக்கி முக்கியது. வண்டி எழும்பவில்லை.

"உள்ளே ஏனு இருக்கு? ஆளு எல்லா இறங்கியாச்சா?" என்றார்.

"எல்லாரும் எறங்கியாச்சு. உள்ள ஒண்ணும் இல்ல," என்றேன் நான், டிப்ளமா படித்தவன்.

அவர் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டு, வைக்கோல் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொட்டலத்தை இழுத்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் வைக்கோல் பொட்டலம் யார் கண்ணுக்கும் தெரியாது. காது குத்துக்குப் போனாலும் கப் அண்டு சாசர், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனாலும் ஊறுகாய் ஜாடி. வெளியூருக்கு வெறுங்கையோடு போகிற வழக்கமே கிடையாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வார்கள், ரயிலில் காலடியில் வைத்துக்கொள்வார்கள். அதற்கு யாரும் லக்கேஜ் என்று பெயர் வைத்ததில்லை. ஆகவே கிளம்பிய அன்று காலை மற்ற எல்லோரும் தங்கள் பொட்டலங்களோடு என் முன்னாலேயே ஏறி, என் முன்னாலேயே சீட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள். நான் கையில் டார்ச் லைட்டோடு கதவருகே நின்று, ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் பட்டறை வாசல் நிறைந்துவிட்டது. மல்லிகா அக்காவின் பொம்மைகள் மட்டும் ஆறு பொட்டலம். கப் டஜன் கணக்கில். ஜாடிகளில் பாதி வெறும் ஜாடி, பாதிக்குள் எலுமிச்சை ஊறுகாய். கடைசி வரிசைக்குப் பின்னால் போர்வை போர்த்தி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெரிய ஜாடிகள். அது தனகோபால் அண்ணனுடையது.

"இது என்ன, அங்கடியா?" என்றார் பட்டறைக்காரர். கடையா என்று கேட்கிறார்.

தனகோபால் அண்ணன் தன் ஜாடி ஒன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"நான் யாரையும் கொறை சொல்லல," என்று ஆரம்பித்தார். "வண்டி தாங்கல. அவ்ளோதான். இங்கேர்ந்து பெங்களூருக்கு பஸ்ஸு போவுது. அங்க ரயிலு புடிச்சா நாளைக்கி வூட்டுல இருக்கலாம். இதோட வுட்டுடுவோம்."

சாதிக் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வண்டி தாங்கல இல்லண்ணே. நாம தாங்க வுடல."

"மச்சான், வுடு," என்றான் சாதிக் தணிந்த குரலில். "கஸ்டமருடா."

நான் விடவில்லை. பக்கத்து மண்டிக்குப் போய்த் தராசைக் கேட்டேன். கடலை மூட்டை நிறுக்கும் தராசு. சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். எல்லோர் கண் முன்னாலும் ஒவ்வொரு பொட்டலமாக வைத்து, நிறுக்க நிறுக்கச் சத்தமாகச் சொன்னேன். மொத்தம் 263 கிலோ.

"நாலு ஆளு," என்றேன். "டிக்கெட் வாங்காம நாலு ஆளு கூட வந்திருக்காங்க."

அப்போது சாதிக் டிரைவர் சீட்டுக்கு அடியில் குனிந்து, இன்னும் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைத்தான்.

"இது யாரோடது டிப்ளமா?"

மோர்பியில் வேலை பார்க்கும் என் கிளாஸ்மேட்டுக்குக் கொண்டுபோன மூன்று டஜன் கப். என்னுடையதுதான்.

மல்லிகா அக்கா சிரிக்க ஆரம்பித்தவர், உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "புடவைய எறக்கச் சொன்ன. என் பிளாஸ்க்க எறக்கச் சொன்ன." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தனகோபால் அண்ணன் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. என் பொட்டலத்தோடு 275.

பட்டறைக்காரர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: மாற்றுப் பட்டை போடுவேன், ஆனால் இந்தச் சாமான் திரும்ப ஏறினால் கோலாப்பூர்கூடப் போய்ச் சேராது. ஆக, ஜாடிகளா பயணமா என்று ஆகிவிட்டது. ஒருவர் பார்சல் லாரி என்றார். வைக்கோல் கட்டு நாலு லாரி மாறிப் போனால் போய்ச் சேருவது சில்லுதான் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகவா என்று அவர் மனைவியே கேட்டார்.

மல்லிகா அக்கா எதிரில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார். ஐம்பது பேர் டீக்கு இறங்கினார்கள்.

"எறக்கி வச்சாச்சு. திரும்ப ஏத்தணும்னு யாரு சொன்னா?" என்றார். "அந்தத் தார்ப்பாய இப்புடி விரி தம்பி."

அடுத்த மூன்று மணி நேரம் நான் பார்த்த வியாபாரத்தை எந்தப் பொருட்காட்சியிலும் பார்த்ததில்லை. தார்ப்பாயின் மேல் வைக்கோலைப் பரப்பி, உயரமானது பின்னால், பொம்மை முன்னால். ஒருவருக்கும் கன்னடம் தெரியாது. பஸ் வரும், பத்து நிமிடம், விரல்கள்தான் பேசும். ஒரு நடுத்தர வயது அம்மா ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மாப் பாக்காத, தட்டிப் பாரும்மா," என்றார் மல்லிகா அக்கா, சுத்தத் தமிழில். "கணீர்னு கேக்குதா? விரிசல் இருந்தா டொக்குன்னு கேக்கும். ஒன் மருமவ காலத்துக்கும் வரும்."

"ஜாஸ்தி ஆயித்து," என்றார் அந்த அம்மா.

"ஜாஸ்தின்னா எனக்கும் புரியும். நீ எத்தினி குடுப்ப, அத்த சொல்லு."

இருவரும் அவரவர் மொழியில் பேசி, நடுவில் ஒரு விலைக்கு வந்து, கடைசியில் ஒரு சின்ன யானை பொம்மை இனாமாகப் போனது. என் கப்புகள் முதலிலேயே விற்றுவிட்டன. மல்லிகா அக்கா அதற்குப் போட்ட விலை நான் கொடுத்து வாங்கிய விலையைவிடக் குறைவு. கேட்டதற்கு "சீக்கிரம் எறங்கணும்னு நீதான தம்பி சொன்ன" என்றார். போலீஸ்காரர் ஒருவர் வந்து முறைத்தார். பட்டறைக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் உடைந்த பட்டையைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணிக்குத் தார்ப்பாய் காலி. மிச்சம் அந்த இரண்டு பெரிய ஜாடிகள். தனகோபால் அண்ணன் அவற்றை விற்பனைக்கு விடவில்லை. அவர் சூளையில் இறக்கியதிலேயே குளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி மினுங்கும் மேல்பூச்சு, நன்றாக அமைந்த ஜோடி அது. தேன் நிறத்தில், ஒரு புள்ளி இல்லாமல். மோர்பிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், நாமும் சும்மா இல்லை என்று தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஜாடி ஒன்று பதினெட்டு கிலோ.

சாதிக் அவரிடம் வந்தான். "அண்ணே, ஒண்ண ஏத்திக்குங்க. நான் என் பைய இங்கயே வச்சிட்டு வரேன். எடை செரியாப் பூடும்."

"ஒன் பைய வச்சிட்டு பதினஞ்சி நாளு ஒரே லுங்கியோட வருவியா?"

"சவுதில பழக்கம்தான்."

தனகோபால் அண்ணன் எழுந்து, ஒரு ஜாடியின் மூடியை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"மூடி போதும். குளேஸு மூடியிலயும் அதேதான்." ஜாடி இரண்டையும் பட்டறைக்காரரிடம் தள்ளிவிட்டார். "குடி தண்ணி ஊத்தி வச்சிக்கப்பா. கசியாது, பாசி புடிக்காது." பெங்களூர் ரயில் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பட்டை மாற்றக் கூலியோடு 2,300 ரூபாய். எல்லோரையும் உட்கார வைத்து அளந்தேன். நாலு விரல். அன்று சித்ரதுர்கா வரைதான் போக முடிந்தது. மறுநாள் கோலாப்பூர், அடுத்து பிவண்டி, வதோதரா. கிளம்பிய ஆறாம் நாள் மாலை மோர்பி. ஊரிலிருந்து 2,040 கிலோமீட்டர். பிவண்டியில் லாரி நெரிசலில் இரண்டு மணி நேரம் போனது தவிர, எழுதுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பயணத்தில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

மோர்பியில் கேஸ் சூளைகளைப் பார்த்தோம். ஒரு பக்கம் வேகாத பச்சை டைல் போகிறது, மறுபக்கம் வெந்த டைல் வருகிறது, நடுவில் ஆளே இல்லை. எங்கள் ஊரில் ஒரு சூட்டுக்கு இரண்டு நாள் காத்துக் கிடக்கிறோம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு முதலாளி தனகோபால் அண்ணனின் மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஜாடி எங்கே என்று இந்தியில் கேட்டார்.

"ஹிரியூர்ல இருக்குதுன்னு சொல்லுப்பா," என்றார் அண்ணன் என்னிடம், மார்பு விரிய.

திரும்பும்போது ஷீரடி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றோம். புனே தாண்டி, சதாராவுக்கு முன்னால் சாதிக் ஓட்டிக்கொண்டிருந்தபோது தனகோபால் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சென்னையிலிருந்து விசா ஏஜென்ட். அண்ணன் குரலை உயர்த்திப் பேசுகிறவர், அதனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"சாதிக்கு வண்டி ஓட்டுறாருங்க. என்னா விசயம்... டிக்கெட்டா? எந்தத் தேதிக்கி?... பன்னண்டாம் தேதியா? அன்னிக்கி அவருக்குத் தோதுப்படாது. எங்கள ராமேஸ்வரம் அழைச்சிக்கிட்டுப் போறாரு... அதுக்கு அடுத்த வாரமா? அடுத்த வாரம் நாகூரு, வேளாங்கண்ணி. அதுக்கு மேலயும் ஒழியாதுங்க. நீங்க அந்த டிக்கெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ராமேஸ்வரமா?" என்றான் சாதிக், சாலையைப் பார்த்துக்கொண்டே. "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே அண்ணே."

"இப்பதான முடிவு பண்ணேன்."

"பேட்டையில கேக்க வேணாமா?"

"நான் ராமேஸ்வரம் வரேன்," என்றார் மல்லிகா அக்கா பின்னாலிருந்து. "எங்க ஊட்டுக்காரரும் வராரு. கேக்க என்னா இருக்குது."

சாதிக் ஒரு கிலோமீட்டர் போல ஓட்டினான். பிறகு ஓரமாக நிறுத்தி இறங்கினான். ஏஜென்டைத் திருப்பிக் கூப்பிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். போனைக் கேட்கவில்லை. நாலு டயரையும் குதிகாலால் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நான் காற்று பார்த்திருந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அவனும் அதைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ராமேஸ்வரத்துக்குக் காலையில எத்தினி மணிக்குக் கெளம்பணும் அண்ணே?"

"அஞ்சி மணி. ஜாடி இல்லாம."

பதினைந்தாம் நாள் இரவு ஊர் வந்து சேர்ந்தோம். மொத்தம் 4,360 கிலோமீட்டர். டீசலுக்கு 14,900 ரூபாய், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தரவில்லை. சாலைக் கட்டணம், மாநில வரி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குப் பக்கம். பாதி நாள் மண்ணெண்ணெய் அடுப்பில் நாங்களே சமைத்துக்கொண்டதால் சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது ரூபாயைத் தாண்டவில்லை. வடக்கே போகப் போகச் சோறு தேடி அலையாதீர்கள், அரிசியைக் கையோடு கொண்டுபோங்கள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே முழு எடையோடு ஒரு மலை ஏறி இறங்கிவிடுங்கள். களிமண் கிடைக்காத ஊரில் மணல் மூட்டை போதும். பட்டை இடைவெளியை ஊரில் ஒரு தடவை அளந்தால் போதாது, தினமும் காலையில் ஆள் உட்கார்ந்த பிறகு அளங்கள், குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் வண்டியை எடுக்காதீர்கள். பைகளை மட்டும் எடை போடுகிற முட்டாள்தனம் வேண்டாம். எல்லோரையும் ஏற்றி, வண்டியையே எடை மேடையில் நிறுத்துங்கள். நாற்பது ரூபாய்தான். உங்கள் ஊரில் எதை யாரும் லக்கேஜ் என்று சொல்வதில்லையோ, அதை முதலில் தேடுங்கள். அது சீட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

ராமேஸ்வரம், நாகூர் இரண்டும் முடிந்து இப்போது சாதிக்கின் வேன் மாதத்தில் பாதி நாள் ஓட்டத்தில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் சோதனை போட எங்கள் ஊர் ஆள் லாயக்கில்லை என்பதால், பண்ருட்டியிலிருந்து தன் மைத்துனரை வரவழைத்திருக்கிறான். அவர் கண்ணுக்கு ஒரு கப்கூடத் தப்புவதில்லை. ஆனால் போன தடவை அவரே கால் வைக்கிற இடத்தில் மூன்று பலாப்பழத்தை வைத்துவிட்டு, வண்டி சுத்தமாக இருக்குது, கிளம்பலாம் என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.